வாயில் மறுத்தலும் மறுக்கும் உரிமையும்

அகத்திணை மரபில் ‘வாயில் மறுத்தல்’ என்பது மருதத்திற்குரிய ஒரு துறை. பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவனுக்காகத் தூது வந்தோரைத் தலைவியோ தோழியோ இல்லினுள் புகவிடாது மறுப்பதே அதன் பொருள். கூடலை ஏற்பதிலும் தள்ளிவைப்பதிலும் பெண்ணுக்கும் ஒரு சொல் உண்டு என்பதை அத்துறை ஒப்புகிறது. ஆயினும் ஊடல் கூடலில் முடிதலே மரபு. திருக்குறளின் இறுதி அதிகாரமும் ஊடலுவகையே. முடிவாக மறுத்துவிடும் மனைவிக்கு அங்கு இடமில்லை.

சட்டமோ அந்தத் தற்காலிக மறுப்பைக்கூட ஏற்கவில்லை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 10 வயதுக்குக் குறையாத மனைவியை அவள் இசைவின்றிக் கணவன் கூடினும் அதனை வன்புணர்ச்சியாகக் கொள்ளவில்லை. வங்கத்தில் ஃபுல்மணி என்னும் சிறுமி கணவன் கூடியதால் உயிரிழந்தாள். அத்துயர் எழுப்பிய விவாதத்தின் பின்னரே, 1891-இல் அவ்வரம்பு 12 ஆயிற்று.

புணர்ச்சியை முற்றும் துறந்த முடிவிலும் இக்கேள்வி உண்டு. காந்தியடிகள் 1906-இல் தென்னாப்பிரிக்காவில் பிரமசரிய நோன்பு பூண்டார். நோன்பேற்கும் வேளையில்தான் துணைவியாரிடம் அதுபற்றிக் கேட்டதாகவும், அவர் தடை சொல்லவில்லை என்றும் அடிகளே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். எண்ணியவர் கணவர்; இசைந்தவர் மனைவி.

1935 டிசம்பரில் அமெரிக்கக் கருத்தடை இயக்கத்தின் முன்னோடி மார்கரெட் சாங்கர் அம்மையார் வார்தாவில் அடிகளைக் கண்டு உரையாடினார். மகப்பேறு கருதாத கூடல் இச்சையே என்றும், புலனடக்கமே வழி என்றும் அடிகள் கூறினார். அன்புடைய இணையருக்கு அது இயலாது. கருத்தடைக் கருவிகளே துணை என்றார் அம்மையார். இருவரும் உடன்படவில்லை. எனினும் கணவனை மறுக்கப் பெண்கள் கற்றல் வேண்டும் என அடிகள் வற்புறுத்தியது நோக்கத்தக்கது. அம்மாதம் திருவனந்தபுரத்தில் தொடங்கிய அனைத்திந்திய மகளிர் மாநாடு கருத்தடையை ஆதரித்துத் தீர்மானித்தது.

தமிழகத்தில் இவ்விவாதம் வேறொரு தளத்தில் முன்னரே எழுந்திருந்தது. உடல்நலம், குடும்பப் பொருள்நிலை ஆகியவற்றைக் கருதிப் பிறர் கருத்தடையை வேண்ட, தந்தை பெரியார் பெண்ணின் விடுதலைக்காகவே அதனை வேண்டினார். பாவேந்தர் ‘தவிப்பதற்கோ பிள்ளை?’ என்னும் பாடலில், காதலின்பத்தையும் மகப்பேற்றையும் வேறுபிரித்துக் காட்டினார். கூடுவதற்கும் பெறுவதற்கும் தனித்தனி முடிவு உண்டு என்பது கவிதைக்குள் வந்தது.

ஆயின் மறுக்கும் உரிமை இன்னும் முழுமை பெறவில்லை. 2017-இல் உச்சநீதிமன்றம் மனைவியின் வயது வரம்பை 15-இலிருந்து 18 ஆக உயர்த்தியது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோ, அவ்வயது நிரம்பிய மனைவியைப் பொறுத்தவரை, கணவனுக்குரிய பழைய விலக்கை அவ்வாறே வைத்துக்கொண்டது.

ஊடலை உவந்து பாடும் கவிஞர், கூடலில் முடியாத மறுப்பையும் எண்ணிப் பார்த்தல் தகும். தலைவி வாயிலடைத்தபோது தலைவன் வெளியே நின்றான் என்பதே அப்பாடல்களின் உயிர்நிலை. அவன் கதவை உடைத்து உட்புகுந்திருப்பின் அங்கே அகப்பாடல் பிறந்திராது.