அழையாமல் வந்த சுருதி

சிதம்பரம் வட்டாரத் திருவிழா மேடைகளில், கிட்டார்க்காரர் தந்தியைத் தொடுமுன்பே ஒலிபெருக்கியில் ஒரு முரலல் எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். ஒலியமைப்பாளர்கள் அதை 'ஹம்' என்பார்கள். அதன் ஊற்றைத் தேடிப் போனால் நெய்வேலியில் போய் நிற்போம்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் மேற்கே, சோவியத் உதவியுடன் எழுந்த நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962ல் இயங்கத் தொடங்கி 2020ல் ஓய்ந்தது. அதன் சுழலிகள் நிமிடத்துக்கு 3000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை சுழன்றன. நம் வீட்டு மின்சாரத்தின் அலைவெண்ணும் அந்த 50தான். 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு நாட்டின் ஏனைய தொகுப்போடு இணைந்தது. அதன்பின் சிதம்பரத்துக் கிட்டாரும் ஷில்லாங் கிட்டாரும் ஒரே சுருதியில் முரல்கின்றன.

1941ல் தமிழிசை மாநாடு கூடிய அண்ணாமலை நகரின் மொழியில் இதைச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு கட்டைச் சுருதியில் மந்தர பஞ்சமம் ஏறத்தாழ 98 அதிர்வுகள். முரலலின் இரட்டிப்போ 100. இரண்டும் உரசினால் நொடிக்கு இருமுறை அலையடிக்கும். தம்புராவின் அருகே ஒரு பொய்த் தம்புரா!

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின்கிட்டார் பிறந்தபோதே இக்குறையும் உடன்பிறந்தது. பிக்கப்பின் கம்பிச்சுருள் தந்தியின் அசைவோடு, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையும் வாங்கிக்கொள்கிறது. கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் 1955ல் தம் தீர்வுக்குக் காப்புரிமை கோரினார். எதிரெதிராக இணைத்த இரு சுருள்கள், எதிரெதிர் காந்தமுனைகள்: தந்தியின் ஒலி கூடும், முரலல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். 1957ல் அது கிட்டார்களில் ஏறியது.

ஆயினும் எர்த் இணைப்பு இரு வழியாகச் சுற்றி வருவதால் எழும் முரலலுக்கு அம்மருந்து பலிக்காது. மேடைக் கருவிகள் அனைத்துக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுப்பதே அதற்கு வழி. சிலர் எர்த் கம்பியையே கழற்றிவிடுகிறார்கள். முரலல் நிற்கிறது, காவலும் போய்விடுகிறது. 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்ஸீ மேடையில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்ட கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மின்தாக்கி மாண்டார்.

முரலலைக் குறைப்போம். முற்றிலும் குறையாவிட்டால் சற்றுப் பொறுத்துக்கொள்வோம். அந்த மூன்றாவது கம்பி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.