பிஸ்டன் வளைய வார்ப்பிரும்பு

எந்திர பிஸ்டனின் காடிகளில் அமர்ந்து, சிலிண்டர் சுவரை உரசியபடியே வாயுவையும் எண்ணெயையும் தடுக்கும் வளையங்களுக்கென வார்க்கப்படும் இரும்பு வகைகள். சுவரை அரிக்காமலும் தான் விரைவில் தேயாமலும் சூட்டில் வில்விசை தளராமலும் இருக்கவேண்டியிருப்பதால், இதற்கான இரும்பைத் தேர்வது எளிதல்ல.

நியூகோமன் எந்திரத்தில் தோல் வட்டும் அதன் மேல் தேங்கிய நீரும், வாட் எந்திரத்தில் கொழுப்பில் தோய்த்த சணலும் இவ்வேலையைச் செய்தன. 1797இல் எட்மண்ட் கார்ட்ரைட் உலோக அடைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பின்வந்தவை பல துண்டுகளும் தனி வில்களும் கொண்டவை.

ஒரே துண்டாலான வளையத்தை இங்கிலாந்தின் ரயில் எந்திரப் பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம் 1854இல் விவரித்தார். முந்தைய முயற்சிகளைச் சுட்டி முதன்மையை வேறு சிலருக்குத் தருவோரும் உண்டு. காடிக்கு வெளியே அவ்வளையம் சிலிண்டரைவிட 10 விழுக்காடு பெரிது. உள்ளே அடக்கியதும் தன் வில்விசையாலேயே சுவரை அழுத்தியது. பிஸ்டனுக்கு மூன்று வளையங்கள். பொருள் இரும்பு, எஃகு அல்லது பித்தளை. சுமார் 4,000 மைல் ஓடியதும் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும், சிலிண்டர் தப்பியது. எனினும் வட்டமாக வளைத்த வளையம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அழுத்தவில்லை. மறு ஆண்டு அவர் இதற்குத் தீர்வு தேடினார். வளையத்தைச் சுற்றிலும் கயிறும் கப்பியும் கட்டி, சம எடைகளைத் தொங்கவிட்டு, அப்போது அது கொண்ட வடிவத்தையே புதிய வளையத்துக்கு அளித்தார் என்பர். கணக்கைவிடக் கயிற்றை நம்பிய முறை இது. 1862இல் மில்லர் என்பவர், நீராவி அழுத்தத்தை வளையத்தின் பின்புறமும் செயல்படச் செய்தார்.

சாம்பல் வார்ப்பிரும்பு பின்னர் முதலிடம் பெற்றது. அதன் கிராஃபைட் செதில்கள் எண்ணெயைப் பிடித்துவைக்கும்; எண்ணெய் வற்றினால் தாமே மசகாகும். பாஸ்பரஸால் உருவாகும் கடின வலைப்பின்னலுக்கே கூடுதல் மதிப்பளிப்போரும் உள்ளனர். குழாய் போல வார்த்து வளையங்களாக அறுப்பது பழைய முறை. தனித்தனியாக வார்த்தால் மெல்லிய வளையம் விரைவில் ஆறி, செதில்கள் நுண்மையாகும். உட்புறத்தைச் சுத்தியலால் சீராகத் தட்டி வில்விசை ஏற்றும் வழக்கமும் இருந்தது.

1948இல் அறிவிக்கப்பட்ட உருண்டை கிராஃபைட் இரும்பு, முறியாத மேல் வளையங்களுக்கு வழிவிட்டது. செதில்கள் இல்லாததால் அதற்குப் பெரும்பாலும் குரோமியம் அல்லது மாலிப்டினம் பூசப்படுகிறது.

ஐஎஸ்ஓ 6621-3 தரநிலை, பொருள்களை நெகிழ்ச்சிக் குணகத்தின்படி வகுக்கிறது: பதப்படுத்தாத சாம்பல் இரும்பு 10ஆம் வகுப்பு, கார்பைடு இரும்பு 30, உருண்டை கிராஃபைட் இரும்பு 50, எஃகு 60. 10ஆம் வகுப்பின் குணகம் ஏறத்தாழ 90 ஜிகாபாஸ்கல். 50ஆம் வகுப்பில் அது 160 அளவுக்கு உயரும். உட்பிரிவுகளில் கடினத்தன்மை கணக்கில் கொள்ளப்படுகிறது.

இந்தியாவில் வளையத் தயாரிப்பாளர்களுள் ஒன்று, 1949இல் தொடங்கிய சென்னையின் இந்தியா பிஸ்டன்ஸ். அண்மைக் காலத்தில் கார் எந்திரங்களின் மேல் வளையம் எஃகுக்கு மாறிவருகிறது. இரண்டாம் வளையத்தில் வார்ப்பிரும்பே பெரும்பாலும் தொடர்கிறது.