கோட்டை அரசில் பேரனுரிமை

அரசுரிமை உடன்பிறந்தானுக்கா, மகள் வயிற்றுப் பேரனுக்கா என்னும் வினா இடைக்கால அரசுகள் பலவற்றை அலைக்கழித்ததொன்றாகும். பிரான்சில் 1328ஆம் ஆண்டு நான்காம் சார்ள்ஸ் ஆண் வாரிசின்றி இறந்தபோது, அவனுடைய சகோதரியின் மகனான இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வேட் புறக்கணிக்கப்பட்டான். தந்தை வழி உறவினனான வலுவா குடும்பத்துப் பிலிப் முடிசூடினான். 1337இல் தொடங்கிய நூறாண்டுப் போருக்கு இப்பிணக்கும் ஒரு காரணமாயிற்று. பெண்வழி உரிமை பற்றிய இதே வினா ஈழத்தில் கோட்டை இராச்சியத்தில் இருமுறை எழுந்தது. இருமுறையும் அது களனியோடு தொடர்புற்றிருந்தமை கருதத்தக்கது.

கோட்டையை நெடுங்காலம் ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் மகள் உலகுடைய தேவி. அவளுக்கு ஆண்மகவு அருளுமாறு களனியில் உறையும் விபீடணத் தெய்வத்தை வேண்டி, பூவைப் பறவையைத் தூதுவிடுவதாக அமைந்தது தொட்டகமுவை ஸ்ரீ ராகுல தேரரின் செலலிகினி சந்தேசய என்னும் சிங்களக் காவியம். பக்தியின் வெளிப்பாடாக மட்டும் இதனைக் கொள்ளலாகாது. அரசுக்கு வாரிசு தேடிய கவலையும் இதில் உண்டு. அம்மகளின் மகனெனக் கூறப்படும் சயபாகு, பாட்டனுக்குப்பின் அரசனானான். ஆயின், யாழ்ப்பாணத்தை வென்று ஆண்ட வளர்ப்பு மகன் செண்பகப் பெருமாள் படையோடு திரும்பி, அவனைக் கொன்று, ஆறாம் புவனேகபாகு என முடிசூடினான்.

1521இல் ஆறாம் விசயபாகுவின் புதல்வர் மூவர் தந்தையைக் கொல்வித்து நாட்டைப் பங்கிட்டனர். கோட்டை மூத்தவனான ஏழாம் புவனேகபாகுவுக்கும், றைகம பரராசசிங்கனுக்கும், சீதாவாக்கை மாயாதுன்னைக்கும் உரியனவாயின. புவனேகபாகு தன் மகள் சமுத்திரா தேவியின் மகன் தர்மபாலனையே வாரிசாக்க விரும்பினான். தம்பி மாயாதுன்னையோ அரியணை தனக்கே உரியதென்றான். எனவே பேரனின் உரிமைக்கு அரண் தேடிய மன்னன், ஸ்ரீ ராமரக்ச பண்டிதரைத் தூதனுப்பினான். அவர் கொண்டுசென்ற தர்மபாலனின் பொற்படிமத்துக்கு 1543இல் போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் யோவான் லிஸ்பனில் முடிசூட்டினான். 1551இல், தம்பியை எதிர்த்துக் களனியில் தங்கியிருந்தபோது, புவனேகபாகு போர்த்துக்கேயப் படைவீரன் ஒருவனின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானான். அது விபத்தா, சதியா என்பதில் கருத்து வேறுபாடுண்டு.

பாட்டனுக்குப்பின் அரசனான தர்மபாலன் 1557இல் கிறித்தவனானான். 1565இல் கோட்டை கைவிடப்பட, கொழும்பில் போர்த்துக்கேயர் காவலில் வாழ்ந்தான். பிள்ளையற்ற அவன், 1580இல் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் முடிக்கு நன்கொடையாக எழுதினான். 1597இல் அவன் மறைய, அந்த உறுதியே அந்நியர் ஆட்சிக்குச் சட்ட ஆதாரமாகக் காட்டப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். மகள் வழிப் பேரனின் உரிமையை உள்நாட்டில் எல்லோரும் ஏற்கும் மரபு உறுதிப்படவில்லை. அதனால், துணையின்றி நின்ற சயபாகு உறவினனிடம் அரசை இழந்தான். அந்நியத் துணையோடு அரியணையைக் காத்த தர்மபாலனுக்கோ, அத்துணையே இறுதியில் வாரிசாயிற்று. குடும்பச் சொத்தைப்போல் பங்கிடப்பட்ட நாடு, அறுபது ஆண்டுகள் கழிய, தனியொருவன் சொத்தைப்போலவே எழுதிக் கொடுக்கப்பட்டது.