கரிசல் வட்டாரத்தில் மனம் முதிராத பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளின் மீட்சியும்

ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். ‘மனம்போல வாழ்வு’ 1909இலும் ‘அகமே புறம்’ 1914இலும் வெளிவந்தன. எண்ணத்தைத் திருத்தினால் வாழ்வு திருந்தும் என்பது ஆலனின் கொள்கை. கோவைச் சிறையில் செக்கிழுத்த ஒருவர் அதைக் கைக்கொண்ட நெஞ்சுரம் வணக்கத்துக்குரியது. ஆனால் அந்தக் கொள்கை எல்லோருக்கும் எந்த நிலையிலும் பொருந்துமா? வ.உ.சி.யின் இளமையில் பாட்டி சிவன் கதைகளும் பாட்டனார் இராமாயணமும் சொல்லியிருக்கிறார்கள். மகன் ஆங்கிலம் படிக்கத் தந்தை உலகநாத பிள்ளை ஊரில் பள்ளிக்கூடமே ஏற்படுத்தினார். தன் மனத்தைத் தன்வசப்படுத்த முனைபவருக்கு, அந்த மனத்தைச் சின்ன வயதிலேயே யாரேனும் பொருட்படுத்தியிருக்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லாமல் வளர்ந்தவரிடம் ‘மனசு வைத்தால் போதும்’ என்பது, பட்ட காயத்துக்கும் அவரையே பொறுப்பாக்குவதாகும்.

அமெரிக்க உளவியலாளர் லிண்ட்சே கிப்சன் 2015இல் எழுதிய நூல், இப்படிப் பிள்ளையின் மனத்தைப் பொருட்படுத்தாத, உணர்ச்சி முதிர்ச்சியற்ற பெற்றோரை நால்வகையாகப் பிரிக்கிறது: உணர்ச்சிவேகத்தில் அலைபவர், எதையேனும் சாதித்துக்கொண்டே இருப்பவர், ஒதுங்கி நிற்பவர், பிள்ளையைத் தள்ளிவைப்பவர். நால்வர் வீட்டிலும் பெற்றவரின் உணர்ச்சிக்கு மட்டுமே இடமுண்டு. அய்யா சைக்கிளைச் சுவரில் சாத்தும் சத்தத்திலேயே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று கணித்துவிடும் பையன், நாற்பது வயதில் மேலாளர் முகம் சற்றுச் சுண்டினாலும் தான் என்ன தப்புச் செய்தோம் என்று தேடுகிறான். அம்மா அழும்போதெல்லாம் தேற்றிய மூத்த மகள், தனக்கு அழுகை வந்தால் புழக்கடைக்குப் போகிறாள். ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பதற்கு மேல் போனில் அவளுக்குப் பேச்சு வராது.

ஆனால் கிப்சனின் வகைப்பாட்டை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் 1980களில் வளர்ந்த பல்லாயிரம் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர்கள். கிழக்கு வெளுக்கும் முன்பே கம்பெனி வண்டி ஊருக்குள் வந்துவிடும். தூக்கம் கலையாத பிள்ளையைத் தூக்குவாளியோடு ஏற்றிவிடுவார்கள். கட்டையில் குச்சி அடுக்கினால் கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளையின் பேரில் முன்பணம் வாங்கிய வீடுகளும் உண்டு. அங்கே காய்ச்சலென்று படுத்தாலும் வண்டியில் ஏறியாக வேண்டும். வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருஷம் உலையில் அரிசி போட்டவள் பத்து வயது மகள்தான். அந்த வீட்டில் யார் பெற்றவர், யார் பிள்ளை? குடும்ப மனநல மருத்துவர் ஐவன் போசோர்மெனி-நாகி, ஜெரால்டின் ஸ்பார்க்குடன் சேர்ந்து 1973இல் எழுதிய நூலில் இந்த இடமாற்றத்தை விரிவாக ஆராய்ந்தார். பிள்ளை கொடுத்ததைக் கொடுத்ததாக யாரும் ஒப்புக்கொள்ளாததே பெருங்கேடு, அந்தக் கணக்கு தலைமுறை தாண்டியும் தீராமல் நிற்கும் என்பது அவர் வாதம்.

குழந்தைத் தொழிலாளர் வழக்கொன்றில் 1996இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. முதலாளியின் கடன் அப்படியேனும் தொகையாயிற்று. வீட்டுக்குள் இருந்த கடனைப் பேசவே ஆளில்லை.

‘வறுமைதான் காரணம், பெற்றவர்களை என்ன சொல்ல முடியும்’ என்ற பதில் உடனே வரும். அதில் இரக்கம் இருக்கிறது. உண்மை பாதிதான் இருக்கிறது. இடைசெவலில் பிறந்த கு.அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில், தீபாவளிக்குத் தன் பிள்ளைகளுக்கே துணி பற்றாத தாயம்மாள், மழையில் நனைந்து வந்த அநாதைச் சிறுவனைக் குளிப்பாட்டித் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிறாள். இல்லாமை அவள் மனத்தைச் சுருக்கவில்லை. அவருடைய ‘அன்பளிப்பு’ கதையில் எதிர்நிலை. பிள்ளைகளிடம் பிரியமுள்ள ஒருவரே, சாரங்கன் என்ற சிறுவனின் ஏக்கத்தைக் கவனிக்கவே இல்லை. கடைசியில் அவன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து, அவர் தனக்கு அன்பளிப்பாகத் தந்ததாக எழுதச் சொல்கிறான். கிடைக்காத அங்கீகாரத்தைத் தன் கையாலேயே தயாரித்துக்கொள்ளும் பிள்ளையை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய உளவியல் நூல் எதையும் நான் படித்ததில்லை.

இன்னொரு தடையும் வரும்: நம் ஊரில் அன்பை வெளிக்காட்ட மாட்டார்கள் என்பது. தமிழ்க் குடும்பமொன்றோடு வாழ்ந்து மார்கரெட் ட்ராவிக் எழுதி 1990இல் வெளியான மானிடவியல் நூல், பிள்ளைமீதுள்ள பிரியத்தை அடக்குவதும் கண்பட்டுவிடுமென்று மறைப்பதும் இங்கே அன்பின் முறையே என்று காட்டியது. ஏற்கலாம். ஆனால் மறைந்திருக்கும் அன்பும் இல்லாத அன்பும் ஒன்றல்ல. பிரித்தறிய நான் முன்வைக்கும் அளவுகோல் இது: பிள்ளை தவித்த நேரத்தில் பெற்றவரால் தம் தவிப்பைச் சற்றே ஒதுக்கிவைக்க முடிந்ததா? வாய் திறந்து ஒரு சொல் சொல்லாத தகப்பன், விஷக்கடி பட்ட மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருந்தால் அங்கே அன்பு மறைந்திருந்தது. அந்த நேரத்திலும் ‘ஒன்னப் பெத்து நான் பட்ட பாடு’ என்று மட்டுமே புலம்பிய வீட்டில், பிள்ளை தனியாகத்தான் இருந்தது.

மீட்சிக்கு வருவோம். 1980களில் மேரி மெயினும் அவர் குழுவினரும் வளர்ந்தவர்களிடம் குழந்தைப்பருவத்தைக் கேட்டுப் பதிவுசெய்தபோது ஒன்று தெரியவந்தது. கடும் இளமையைக் கண்டவர்களிலும் சிலர் தம் பிள்ளைகளுக்கு நிம்மதியான துணையாக இருந்தார்கள். நடந்ததை மூடாமலும் அதிலேயே மூழ்காமலும் முன்பின் முரணின்றிச் சொல்ல முடிந்தவர்கள் அவர்கள். அப்படிச் சொல்ல, நடந்தது நடந்ததுதான் என்று கேட்டுக்கொள்ளும் ஒருவர் வேண்டும். அது கணவனாக, சிநேகிதியாக, மருத்துவராக இருக்கலாம். ஆலன் வழியில் தனியாக நின்று மனத்தைத் திருத்துவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

பெற்றவரை வெட்டிவிடுவது இதற்கு நிபந்தனையல்ல. கரிசல் ஊரில் பெரும்பாலோர்க்கு அது ஆகவும் ஆகாது. 2007ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் வயதான பெற்றோருக்குப் பிள்ளைகளிடமிருந்து உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றை உறுதிசெய்கிறது. அவற்றைக் குறைவில்லாமல் செய்தபடியே, ‘என்னைக்காவது என்னைப் புரிஞ்சுக்குவாங்க’ என்ற காத்திருப்பை மகள் கைவிடலாம். அது துக்கம், உரிய காலம் எடுக்கும் துக்கம். அதை நன்றிகெட்டதனம் என்று ஏசுவது கொடுமை.

தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இன்று ஐம்பதை ஒட்டிய வயது. பெற்றவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். இரு தரப்பினர் வாய்மொழியும் பதிவாக வேண்டிய காலம் இதுதான். ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்து ஊர்களில் தொடங்கலாம். கேட்பவர் செவிலியராகவோ ஆசிரியராகவோ இருக்கலாம். மகள் பேசிக்கொண்டிருக்கையில் குறுக்கே ‘அவங்களும் பாவம்தானே’ என்று சொல்லாதவராக இருக்க வேண்டும்.