தங்கவயலின் மின்சாரமும் தீக்காவலும்

கோலார் தங்கவயல் என்றதும் நம் நினைவிற்கு முதலில் வருவது பொன். ஆயினும், அப்பொன்னை வெளிக்கொணர உதவிய மின்சாரத்தின் வரலாறும் நாம் அறியத்தக்கதே ஆகும்.

1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 92 மைல் கடந்து இச்சுரங்கங்களை அடைந்தது. மைசூர்த் திவானாக விளங்கிய சர் கே. சேஷாத்திரி ஐயர் ஊக்கி வளர்த்த திட்டம் இது. வகுத்தவர் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர். அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் ஒன்றாக இது திகழ்ந்தது. 1901இல் மறைந்த ஐயர் அதனைக் கண்ணாரக் காணும் பேறு பெறவில்லை.

நீராவியின் இடத்தை மின்சாரம் பெற்றது. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர் பல்லாயிரவர் அந்நிலத்தடியில் உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கண்டது. அத்தகைய ஆழத்தில் தீ எழுந்தால் தீயினும் கொடியது புகையே. காற்றுச் செல்லும் வழியிலேயே புகையும் செல்லும். மனிதர் ஓடுவதற்கோ வேறு வெளியில்லை.

மின்சாரத்தால் தீ எவ்வாறு எழுகின்றது? அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்தால் உருகுகம்பி உருகிச் சுற்றை அறுத்துவிடும். ஆனால், கம்பி நைந்தாலோ இணைப்புத் திருகு தளர்ந்தாலோ சிறு இடைவெளி உண்டாகும். அதனூடே மின்னோட்டம் பொறியாகத் தாவுவதை மின்வில் என்பர். அதன் வெப்பம் பல்லாயிரம் பாகை. எனினும், அம்மின்னோட்டம் விளக்கையோ விசைப்பொறியையோ கடந்தே பாய்வதால் அளவு மிகுவதில்லை, சற்றுக் குறையவுங்கூடும். எனவே உருகுகம்பி வாளாவிருக்கும். காவற்காரன் உறங்கவில்லை, கள்வனை அவனால் அடையாளம் காண இயலவில்லை.

இக்குறையை அறிவு படிப்படியாகவே வென்றது. 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்தின் கீழ் 1956இல் இயற்றப்பட்ட விதிகள், சுரங்கங்களுக்கெனத் தனிப் பகுதி வகுத்தன. நிலத்திற்குக் கசியும் மின்னோட்டத்தை உணர்ந்து சுற்றை அறுக்கும் கருவிகளும் வந்தன. நிலத்திற்குக் கசியாத மின்வில்லோ அவற்றிற்கும் தப்பியது. இறுதியில், மின்னலையில் மின்வில் உண்டாக்கும் ஒழுங்கற்ற நடுக்கத்தை ஆராய்ந்து உணரும் துண்டிப்பான் தோன்றியது. சுவிச்சு போடும்போது எழும் இயல்பான பொறியையும், தீமூட்டும் பொறியையும் அது வேறு பிரித்தறிகின்றது. அமெரிக்கத் தேசிய மின்விதியின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பு, படுக்கையறைச் சுற்றுகளில் 2002 முதல் அதனைக் கட்டாயமாக்கிற்று.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. சுரங்கம் ஓய்ந்தது, குடியிருப்புகள் ஓயவில்லை. அங்கும், நம் ஊர்களின் பழைய இல்லங்கள் யாவற்றிலும், முதுமையடைந்த கம்பிகள் சுவருக்குள் இருத்தல் கூடும். விளக்கு துடித்தாலும், பிளக்கு சூடேறினாலும், சுவிச்சிலிருந்து கருகிய வாடையோ இரைச்சலோ வந்தாலும், நாம் உடனே மின்னோட்டத்தை நிறுத்தி மின்பணியாளரை அழைத்தல் வேண்டும். உருகுகம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக்கம்பியைச் சுற்றுதல், காவற்காரனை நாமே கட்டிப்போடுவதற்கு ஒப்பாகும்.

பொன்னினும் உயிர் பெரிது. மின்சாரம் நமக்கு ஏவலாளாக இருக்கும் வரையில் நன்று. அதனைத் தலைவனாக்காமல் காப்பது நம் கடமை.