பன்றி அறுப்போர்

டச்சு ஓவியர் அத்ரியான் வான் ஒஸ்டாடே (1610–1685) செப்புத்தகட்டில் வரைந்த சிறிய, வட்ட வடிவ எட்சிங். காலம் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. நெசவாளி ஒருவரின் மகனாக ஹார்லெம் நகரில் பிறந்த ஒஸ்டாடே, வாழ்நாளின் பெரும்பகுதி அங்கேயே தொழில் செய்தவர். 1634 அளவில் அவ்வூர் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார்.

அக்கால டச்சுக் கலையில் குளிர்காலம் என்றாலே உறைந்த கால்வாயும் அதில் சறுக்கி விளையாடும் கூட்டமும்தான். ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் அதில் பேர்பெற்றவர். ஒஸ்டாடேயின் தம்பி ஈசாக்கும் அத்தகைய படங்களை வரைந்தார். இந்த எட்சிங் காட்டுவதோ குளிர்காலத்தின் வயிற்றுப்பாட்டை. தீவனம் அருகிவிடும் பருவத்தில் எல்லாக் கால்நடைகளையும் வைத்துத் தீனி போட முடியாது. இலையுதிர்காலம் முழுக்கக் கொழுக்க வைத்த பன்றியை அறுத்து, உப்பிட்டு, புகையூட்டி வைத்தால்தான் வசந்தம்வரை இறைச்சி. நவம்பருக்கு அறுப்பு மாதம் என்றே பெயர் இருந்தது. இடைக்காலப் பிரார்த்தனை நூல்களின் மாதப் படங்களிலும் ஆண்டுக் கடைசிக்குரிய வேலையாகப் பன்றி அறுப்பு இடம்பெற்றது. ஒஸ்டாடே அந்தப் பழைய பொருளை எடுத்து இரவுக் காட்சியாக்கினார்.

இருளை உண்டாக்கிய விதம்தான் படத்தின் பெருமை. எட்சிங் முறையில், மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தில் இட்டால், கீறிய கோடுகளை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளங்களில் தங்கும் மையே ஈரத்தாளில் பதியும். ஒஸ்டாடே கோட்டின்மேல் கோடாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி இரவை நெய்தார். விளக்கொளி விழும் இடங்களில் ஊசியே படவில்லை. அங்கே தெரியும் வெளிச்சம் வெறும் தாளின் வெண்மை. ரெம்பிராண்டின் ஒளி–நிழல் முறையை உள்வாங்கியவர் என்று அவரைச் சொல்வதற்கு இது தக்க சான்று.

தொடக்ககால ஓவியங்களில் குடித்துச் சண்டையிடுபவர்களாகவே உழவர்களைக் காட்டிய ஒஸ்டாடே, 1640களிலிருந்து அவர்களை வீட்டோடும் வேலையோடும் பரிவுடன் வரையத் தொடங்கினார். ‘குடும்பம்’ (1647), உணவுக்குமுன் வேண்டுதல் செய்யும் குடும்பத்தைக் காட்டும் எட்சிங் (1653) ஆகியவை அந்த மாற்றத்தின் விளைவுகள். பன்றி அறுப்போரையும் அவற்றோடு வைத்துப் பார்ப்பதே பொருத்தம். இதில் கேலி இல்லை. ஒரு வீட்டின் முக்கியமான வேலை நடக்கிறது.

ஒஸ்டாடேயின் எட்சிங்குகள் ஏறத்தாழ 50. வியன்னாவின் ஆடம் பார்ட்ஷ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட அச்சோவியப் பட்டியலில் இதற்கு 41ஆம் எண். ஓவியர் மறைந்த பின்பு அவருடைய தகடுகள் கைமாறி, 18ஆம் நூற்றாண்டிலும் அச்சிடப்பட்டன. ஒவ்வொரு அழுத்தத்திலும் செம்பு சற்றுத் தேயும். நுண்கோடுகள் முதலில் மறையும். அதனால் பிற்காலப் படிகளில் இருள் வெளுத்திருக்கும். இரவே உயிரான இப்படத்துக்கு அது பெரிய இழப்பு. சேகரிப்பாளர்கள் தொடக்ககாலப் படிகளைத் தேடுவது இதனால்தான்.