49 கேள்விகள், 196 மதிப்பெண்கள்

2018 ஜூலை 10ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு தீர்ப்பு சொன்னது. அந்த வருடம் மே 6ஆம் தேதி நடந்த நீட் தேர்வில், தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன. கேள்விக்கு 4 மதிப்பெண் வீதம், தமிழில் எழுதிய எல்லோருக்கும் 196 மதிப்பெண் கொடுத்து, இரண்டு வாரத்துக்குள் தரவரிசைப் பட்டியலைத் திருத்த வேண்டும். வழக்குத் தொடுத்தவர் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த டி.கே. ரங்கராஜன். மொத்தக் கேள்விகள் 180, மொத்த மதிப்பெண் 720. பலன் பெறக்கூடியவர்கள் ஏறத்தாழ 24 ஆயிரம் பேர்.

அன்றைக்கு ஊருக்குள் இரண்டு விதமாகப் பேச்சு ஓடியது. “சும்மா உக்காந்திருந்தவனுக்கும் 196 மார்க்கா? இது எந்த ஊரு நியாயம்?” என்றது ஒரு கட்சி. “கேள்வியவே தப்பாக் கேட்டுப்புட்டு பதில் தப்புன்னா, பிள்ளைக என்னய்யா பண்ணும்?” என்றது இன்னொரு கட்சி. நான் முப்பது வருடம் மேல்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். இரண்டு கட்சியும் சொல்வதில் உண்மை இருப்பதாகவே எனக்குப் பட்டது. ஆனால் இந்தச் சண்டைக்கு அடியில் நூறு வருடத்துக்கு மேல் பழைய வேறொரு கேள்வி கிடக்கிறது. ஒரு தேர்வு தரும் எண் எந்த அளவுக்கு மாணவரைப் பற்றியது, எந்த அளவுக்குத் தேர்வைப் பற்றியது?

இதை முதலில் கணக்காகப் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர். 1888இலும் 1890இலும் தேர்வுகளின் புள்ளியியல் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். ஒரே லத்தீன் உரைநடைத் தாளை 28 தேர்ந்த திருத்துநர்களிடம் கொடுத்து மதிப்பெண் கேட்டார். நூற்றுக்கு 45 போட்டவரும் உண்டு, 100 போட்டவரும் உண்டு. போட்டித் தேர்வுகளை ஆராய்ந்தபோது அவர் எடுத்துக்கொண்டவற்றில் இந்திய சிவில் சர்வீஸ் தேர்வும் ஒன்று. அவர் வந்து சேர்ந்த முடிவு இது: வெற்றி பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரையிலானவர்கள்தான் உறுதியான இடத்தில் இருக்கிறார்கள். மற்றவர்கள், அதே தகுதியுள்ள வேறு திருத்துநர்கள் அமைந்திருந்தால் வெளியே போயிருக்கக் கூடியவர்கள். நம் ஜில்லாக்களை ஆள வந்த கலெக்டர்களில் சிலரை லண்டனில் ஒரு திருத்துநரின் அன்றைய மனநிலை தேர்ந்தெடுத்திருக்கலாம்.

இதே வேலையை இன்னும் விரிவாகச் செய்தவர் பிலிப் ஹார்டாக். இவரும் நமக்கு அந்நியரல்ல. 1920 முதல் 1925 வரை டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். இந்தியக் கல்வி பற்றி 1929இல் வந்த ஹார்டாக் குழு அறிக்கை இவர் பெயரில்தான் இருக்கிறது. ரோட்ஸ் என்பவருடன் சேர்ந்து 1935இல் தேர்வுகளையே தேர்வு செய்யும் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அதில் ஒரு சோதனை: 15 வரலாற்று விடைத்தாள்களை 15 பேர் திருத்தினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, அவர்களில் 14 பேர் அதே தாள்களை மறுபடி திருத்தினார்கள். ஆக 210 முடிவுகள். அவற்றில் 92 இடங்களில் அதே மனிதர் அதே தாளுக்குத் தன் முடிவை மாற்றியிருந்தார். தோல்வி தேர்ச்சியாயிற்று, தேர்ச்சி சிறப்புத் தேர்ச்சியாயிற்று, அல்லது தலைகீழாக.

விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்த எந்த வாத்தியாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. விடைக்குறிப்பு கையில் இருக்கும், சீஃப் பக்கத்திலேயே இருப்பார், அப்படியும் “ஸ்டெப் சரியா இருக்கு சார், ஒரு மார்க் போடலாம்” என்று ஒருவர் சொல்வார். அடுத்த மேசையில் அதே விடைக்குப் பூஜ்யம் விழும். ஓஎம்ஆர் தாள் வந்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது என்று பலரும் நம்பினார்கள். திருத்துவது இயந்திரம், அதற்கு மனநிலை கிடையாது. உண்மைதான். ஆனால் ஒழிந்தது திருத்துபவரின் பிழை மட்டும்தான். கேள்வியின் பிழை அப்படியே இருந்தது.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் பாடத்தில் பிழைகளை இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம்: ஒழுங்கற்ற பிழை, முறையான பிழை. ஒழுங்கற்ற பிழை ஒரு தடவை கூட்டும், இன்னொரு தடவை குறைக்கும். நிறைய தடவை அளந்து சராசரி எடுத்தால் பெரும்பகுதி கழிந்துபோகும். எட்ஜ்வொர்த் பேசியது பெரும்பாலும் இதைத்தான். முறையான பிழை அப்படியல்ல. தராசின் ஒரு தட்டுக்கு அடியில் புளியை ஒட்டிவைத்த மாதிரி, எத்தனை தடவை நிறுத்தாலும் ஒரே பக்கம்தான் சாயும். அதிலும் மோசமானது, ஒரு கூட்டத்துக்கு மட்டும் சாயும் தராசு. மற்றவர்களுக்கு அது ஒழுங்கான தராசாகவே தெரியும்.

தமிழ் வினாத்தாளில் நடந்தது இந்த மூன்றாவது வகை. செய்திகளில் அதிகம் அடிபட்ட உதாரணம், சிறுத்தை. ஆங்கிலத்தில் ‘சீட்டா’ என்று இருந்த விலங்கு தமிழில் ‘சீத்தா’ என்று அச்சாகியிருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைக்குச் சீத்தா என்றால் பழம். விலங்கியல் தெரியுமா என்று கேட்க வந்த கேள்வி, ‘இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை யூகிக்கத் தெரியுமா’ என்று கேட்டுவிட்டுப் போகிறது.

இந்தப் பிழை எப்படி வந்தது என்பதும் மதுரையோடு சம்பந்தப்பட்ட கதைதான். தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியலுக்கு 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. 2006இல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். பிறகு நீட் வந்தது. 2017 நீட்டில் மாநில மொழிகளுக்கு ஆங்கிலத்திலிருந்து வேறுபட்ட கேள்விகள் கொடுக்கப்பட்டன. வேறு வேறு கேள்விகளுக்கு ஒரே தரவரிசையா என்று வழக்கு வந்து, 2017 மே மாதம் இதே மதுரைக் கிளை முடிவுகளை வெளியிடத் தடை போட்டது. ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அடுத்த வருடத்திலிருந்து எல்லா மொழிக்கும் ஒரே கேள்விகளை மொழிபெயர்த்துத் தருவது என்று முடிவாயிற்று. ஒரு பிழையைச் சரிசெய்யப் போய், எல்லாப் பாரமும் மொழிபெயர்ப்பின் தலையில் இறங்கியது.

உயர் நீதிமன்றத் தீர்ப்பு நிற்கவில்லை. ஜூலை 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 22ஆம் தேதி ரத்தே செய்துவிட்டது. விடை எழுதினாரா, சரியாக எழுதினாரா என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி மதிப்பெண் கொடுப்பது சரியல்ல என்பது முக்கியக் காரணம். சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று வினாத்தாளிலேயே சொல்லியிருக்கிறது என்பதும் வாதமாக இருந்தது.

முதல் காரணத்தைக் கணக்காகப் பார்த்தால் மறுக்க முடியாது. எடுத்த மதிப்பெண்ணோடு 196ஐ அப்படியே கூட்டினால், அந்த 49இல் 30 கேள்விக்குச் சரியாக விடை தந்தவருக்கு அந்த 30க்கும் இரண்டு தடவை மதிப்பெண் விழும். 524க்கு மேல் எடுத்தவர் 720ஐத் தாண்டிப்போவார். சரி, கூட்டாமல், 49க்கும் முழு மதிப்பெண் என்று மாற்றி வைக்கலாம் என்றால், மற்ற மொழிக்காரர்கள் உழைத்து எடுக்க வேண்டிய 196ஐத் தமிழில் எழுதியவர் உழைக்காமலே பெறுவார். சாய்ந்த தராசின் மறுதட்டில் கைக்குக் கிடைத்த கல்லைத் தூக்கி வைப்பதுதான் இரண்டும்.

ஆனால் இரண்டாவது வாதம் அவ்வளவு எளிதில் செல்லாது. தேர்வு 180 நிமிடம், கேள்விகள் 180. ஒரு கேள்வியைத் தமிழில் படித்து, புரியாமல், கீழே ஆங்கிலத்தில் படித்து, மறுபடி தமிழுக்கு வந்தால் அந்த ஒரு நிமிடம் போதாது. மிச்சம் அடுத்த கேள்வியிலிருந்து போகும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் என்பதால், தப்பாய்ப் போன ஒவ்வொரு கேள்வியும் சரியான விடையோடு ஒப்பிட்டால் ஐந்து மதிப்பெண் இழப்பு. ஆங்கிலம் சரளமாக வராததால்தான் அந்தப் பிள்ளை தமிழைத் தேர்ந்தெடுத்தது. அதனிடம் ‘ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்’ என்பது, கண்ணாடி கேட்டவனிடம் பொடி எழுத்தை நீட்டுவது.

196க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே வழி இல்லையா? இருந்தது. உளவியல் அளவைத் துறையில் 1980களிலிருந்து புழங்கும் முறை ஒன்று உண்டு. மருத்துவப் புள்ளியியலுக்காக மேண்டலும் ஹேன்ஸலும் 1959இல் உண்டாக்கிய கணக்கை, 1988இல் ஹாலண்டும் தேயரும் தேர்வுக் கேள்விகளுக்குக் கொண்டுவந்தார்கள். பிரச்சினை இல்லாத மற்ற 131 கேள்விகளில் ஒரே மதிப்பெண் எடுத்த தமிழ் மாணவர்களையும் ஆங்கில மாணவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். சந்தேகத்துக்குரிய கேள்வியில் இருவரும் ஒரே அளவில் சரியாக விடை தந்திருந்தால், மொழிபெயர்ப்பு அசிங்கமாக இருந்தாலும் பெரிய கெடுதல் செய்யவில்லை. தமிழ்ப் பக்கம் மட்டும் சரிந்திருந்தால், அந்தக் கேள்வி தராசை ஏமாற்றியிருக்கிறது. சரிந்த கேள்விகளை மட்டும் நீக்கி, இருப்பதை வைத்து மதிப்பெண்ணைக் கணக்கிடலாம். தேவையான விடைகள் எல்லாமே ஓஎம்ஆர் தாள்களில் இருந்தன. கணினிக்கு இது பெரிய வேலையும் அல்ல.

இதிலும் ஓட்டை உண்டு. குழப்பத்தில் போன நேரம் அந்த 131 கேள்விகளையும் பாதித்திருக்கும், அதனால் இந்த முறை நஷ்டத்தைக் கொஞ்சம் குறைத்தே காட்டும். இருந்தாலும் 24 ஆயிரம் பேருக்கும் ஒரே எண் என்பதை விட, யாருக்கு எங்கே எவ்வளவு என்று கேட்பது மேல்.

பொதுவெளியில் அந்தப் பேச்சு வரவில்லை. வாதம் முழுக்க, மொழிபெயர்ப்பு தப்பா இல்லையா, கருணை மதிப்பெண் நியாயமா இல்லையா என்பதிலேயே நின்றது. எனக்கு உறுத்துவது ‘கருணை’ என்ற அந்தச் சொல்தான். எடைக்கல் தப்பு என்று தெரிந்து மறுபடி நிறுத்துத் தருவதற்குக் கருணை என்று பேரா? அது கடைக்காரரின் கடமை. உச்ச நீதிமன்றம் 196ஐ ரத்து செய்தது சரியாகவே இருக்கட்டும். அதனால் அந்த 49 கேள்விகள் பிழையில்லாதவை ஆகிவிடவில்லை. 2019 முதல் தேர்வை நடத்தும் பொறுப்பு தேசியத் தேர்வு முகமைக்குப் போயிற்று. தமிழ் வினாத்தாள் இன்றும் உண்டு. ஒவ்வொரு கேள்வியும் ஒவ்வொரு மொழியிலும் எப்படி நடந்துகொண்டது என்ற கணக்கை முடிவுகளோடு சேர்த்து வெளியிட்டால், அடுத்த வழக்கில் நீதிபதிகள் பெருக்கல் போட வேண்டியிருக்காது. மேலூரிலிருந்தோ வாடிப்பட்டியிலிருந்தோ தேர்வு எழுதும் பிள்ளை, தனக்கு வந்த எண்ணில் தன் பங்கு எவ்வளவு, தாளின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், சொல்வதற்கு நம்மிடம் ஏதாவது இருக்கும்.